உப்புநீரில் ஒரு வோல்ட்

எரியும் சுடருக்கு மேலே ஒரு தகட்டைக் காட்டினால் கரி படியும். ஊகானில் உள்ள ஹுவாசோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜோ ஜுன், நான்ஜிங் வானூர்தி விண்வெளியியல் பல்கலைக்கழகத்தின் குவோ வான்லின் ஆகியோரின் குழுக்கள் 2017-இல் அந்தக் கரியைக் கொண்டே ஒரு புதிய துறையைத் திறந்துவைத்தன. சில சென்டிமீட்டர் நீளமுள்ள குவார்ட்ஸ் தகட்டில் கரிப் படலம் ஒன்றைப் படியவைத்தார்கள். கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகக் கார்பன் நானோக்குழாய் மின்முனைகளைப் பொருத்தினார்கள். படலத்தின் கீழ்நுனியை மட்டும் அயனி நீக்கிய நீரில் நிறுத்தினார்கள். அவ்வளவுதான். நீர் கரியின் நுண்துளைகள் வழியே தானாக ஏறியது, ஏறிய இடத்தில் ஆவியானது. இரு முனைகளுக்கும் இடையே ஒரு வோல்ட் வரை மின்னழுத்தம் எழுந்து, ஆவியாதல் நடந்த நேரமெல்லாம் நின்றது.

வெயில் படவில்லை, யாரும் நீரைப் பாய்ச்சவில்லை, சூடாக்கவும் இல்லை. பாத்திரத்தை மூடி அடைத்தபோது உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்து ஆவியாதல் நின்றது, மின்னழுத்தமும் வீழ்ந்தது. திறந்ததும் திரும்பி வந்தது. காற்று வீசச் செய்தபோது உயர்ந்தது. இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். மின்சாரத்துக்குக் காரணம் ஆவியாதல்தானா என்ற கேள்விக்கு இதைவிட எளிய, நேரடியான விடை இருக்க முடியாது.

ஆனால் அந்த நீர் தூய நீர். உலகில் ஆவியாகும் நீரில் பெரும்பகுதி கடல்நீர். கரிப்படலத்தைக் கடலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி.

முதலில், மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். புகைக்கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏந்திய வேதித் தொகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் பட்டதும் அவை தம் ஹைட்ரஜன் அயனிகளை நீருக்குள் விட்டுவிட்டு, தாம் எதிர்மின்னூட்டத்தோடு நிற்கும். வெளியேறிய நேர்மின் அயனிகள் வெகுதூரம் போகமாட்டா. எதிர்மின் சுவரின் ஈர்ப்பில் அதை ஒட்டியே ஒரு மெல்லிய மேகமாகத் தங்கும். திடப்பொருள் நீரைத் தொடும் இடமெல்லாம் இப்படி இரண்டு அடுக்கு மின்னூட்டம் உண்டு. களிமண்ணிலும் மரத்திலும் பஞ்சிலும் உண்டு. இப்போது துளைக்குள் நீர் நகர்ந்தால், சுவர் அசையாமல் நிற்க, அயனி மேகம் மட்டும் நீரோடு இழுபட்டுப் போகும். நேர்மின் அயனிகள் மேலே சேரச் சேர, மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே மின்னழுத்தம் பிறக்கிறது.

இதை ஜெர்மானிய இயற்பியலாளர் கியோர்க் குயின்கே 1859-இலேயே கண்டுவிட்டார். நுண்துளைகள் கொண்ட களிமண் தடுப்பின் வழியே நீரை அழுத்திச் செலுத்தியபோது தடுப்பின் இரு பக்கமும் மின்னழுத்தம் தோன்றியதை அவர் அளந்தார். அதற்கும் முன்பே மாஸ்கோவில் ரியூஸ் என்ற ஆய்வாளர், ஈரக் களிமண்ணில் மின்சாரத்தைச் செலுத்தினால் நீர் நகர்கிறது என்ற தலைகீழ் விளைவைக் காட்டியிருந்தார். 1903-இல் இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி இவற்றுக்கு எழுதிய சமன்பாட்டைத்தான் இன்றும் ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். குயின்கேயின் ஏற்பாட்டில் நீரைத் தள்ளுவதற்கு வெளியிலிருந்து அழுத்தம் தேவைப்பட்டது. கரிப்படலத்தில் அந்த வேலையை ஆவியாதல் செய்கிறது. நுண்துளையின் வாயில் நீர் ஆவியாகிப் போகும்போது அங்குள்ள நீர்ப்பரப்பு உள்வளைந்து கீழுள்ள நீரை இழுக்கும். 50 நானோமீட்டர் ஆரமுள்ள துளை ஒன்று ஏறத்தாழ 28 வளிமண்டல அழுத்தத்துக்கு இணையான விசையோடு இழுக்கக்கூடியது. தென்னையின் உச்சிக்கு நீர் போய்ச் சேர்வதும் இந்த இழுப்பால்தான். நகரும் பகுதி எதுவும் இல்லாத பம்பு அது.

இந்தத் துறையின் முன்கதையில் பெங்களூருவுக்கும் இடம் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தின் அஜய் சூத், சங்கர் கோஷ், ராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் நரேந்திர குமார் மூவரும் 2003-இல் கார்பன் நானோக்குழாய்க் கற்றையின் மேல் திரவத்தை ஓடவிட்டு, ஓட்டத்தின் திசையில் மில்லிவோல்ட் அளவில் மின்னழுத்தம் எழுவதைக் காட்டினார்கள். எந்த இயக்கமுறையால் அது எழுகிறது என்ற விவாதம் உடனே கிளம்பியது. ஆனாலும் கார்பனின் நானோ வடிவங்கள் மேல் நீரை ஓட்டினால் மின்சாரம் எடுக்கலாம் என்ற எண்ணத்தைப் பல நாட்டு ஆய்வகங்களுக்குக் கொண்டுசேர்த்தது அந்தக் கட்டுரைதான். 2018-இல் குவோ வான்லினின் குழு, நீருக்கும் நானோப் பொருளுக்கும் இடையே பிறக்கும் இத்தகைய மின்விளைவுகள் அனைத்தையும் சேர்த்து ஹைட்ரோவோல்டாயிக் தொழில்நுட்பம் என்று ஒரு பொதுப்பெயர் சூட்டியது.

இனி கடலுக்கு வருவோம்.

சுவரை ஒட்டி நிற்கும் அயனி மேகத்தின் தடிமன், நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மிகத் தூய நீரில் அது ஒரு மைக்ரோமீட்டரை நெருங்கும். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் உப்பைக் கரைத்தால் 10 நானோமீட்டராகச் சுருங்கும். கடல்நீரில் 0.4 நானோமீட்டர்தான் மிஞ்சும். ஓரிரண்டு நீர் மூலக்கூறுகளின் அகலம். திருவிழா நெரிசலில் ஒருவர் கூப்பிடும் குரல் இரண்டு ஆள் தள்ளிக் கேட்பதில்லை, வெறிச்சோடிய தெருவில் அதே குரல் தெருக்கோடி வரை போகும் அல்லவா? உப்பு அயனிகளின் நெரிசலில் சுவரின் மின்னூட்டத்துக்கும் அதுதான் நேர்கிறது. கரித்துகள்களுக்கு இடையிலான பத்துக்கணக்கான நானோமீட்டர் இடைவெளி தூய நீருக்கு மிகக் குறுகிய சந்து. அதன் இரு சுவர்களின் மேகங்களும் ஒன்றோடொன்று கலந்து வழியையே நிறைத்துவிடும். கடல்நீருக்கோ அது அகன்ற சாலை. மேகம் சுவரோரம் ஒட்டிக் கிடக்க, நடுவில் பாயும் நீரில் நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் சம அளவில் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் சமமாகப் போனால் மின்சாரம் இல்லை.

இன்னொரு தொல்லை, கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. மேலே சேர்ந்த மின்னூட்டம் வெளிச்சுற்றுக்குப் போகாமல் துளையில் உள்ள நீர் வழியாகவே கீழே கசிந்துவிடும். ஸ்மொலுகோவ்ஸ்கி சமன்பாட்டில் நீரின் கடத்துதிறன் வகுக்கும் இடத்தில் நிற்கிறது. சாதாரணச் சுவர் ஒன்றுக்கு அதில் எண்களைப் போட்டுப் பார்த்தால், கடல்நீரில் ஒவ்வொரு வளிமண்டல அழுத்தத்துக்கும் கிடைப்பது ஏறத்தாழ 0.7 மில்லிவோல்ட். நுண்துளையின் 28 வளிமண்டல இழுப்பு முழுவதும் பயன்பட்டாலும் 20 மில்லிவோல்ட்தான் வரும். ஆயிரம் மடங்கு குறைவாக மின்சாரம் கடத்தும் நன்னீரில் அதே சூத்திரம் ஒரே வளிமண்டலத்துக்கு 0.7 வோல்ட் தரும்.

ஆகவே ஊகான் கருவியை அப்படியே கடலில் நிறுத்தினால் பயனில்லை. ஆனால் கடல்நீரில் இயங்குவதாகப் பல கருவிகள் இப்போது அறிவிக்கப்படுகின்றன. அவற்றில் சில உண்மையாகவே இயங்குகின்றன. அவை வேறு வழிகளைப் பிடித்திருக்கின்றன.

ஒரு வழி, துளையையும் சுருக்குவது. கிராபீன் ஆக்சைடு ஏடுகளை அடுக்கினால் ஏடுகளுக்கு இடையே ஒரு நானோமீட்டர் அளவு இடைவெளிதான் இருக்கும். அங்கே கடல்நீரின் மெலிந்த அயனி மேகமும் வழியை நிறைத்துவிடும். 2025-இல் இந்தூர் ஐ.ஐ.டி.யில் திரேந்திர ராய் தலைமையிலான குழு, கிராபீன் ஆக்சைடு கலந்த சவ்வு ஒன்று உப்புநீரிலும் கலங்கல் நீரிலும்கூட ஆவியாதலால் மின்னழுத்தம் தருவதாக அறிவித்தது. இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. துளை குறுகக் குறுக நீர் நகர்வதே கடினமாகும். மின்னழுத்தம் நிற்கும், மின்னோட்டம் இளைத்துப்போகும்.

இன்னொன்று, சுவரையே நன்கு புரிந்துகொள்வது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் ஜூலியா தாலியாபுவே, தாரிக் அன்வர் இருவரும் சிலிக்கானில் நானோத் தூண்களை ஒழுங்கான வரிசைகளாக அமைத்து, அவற்றின் இடைவெளிகளில் நீரை ஆவியாக்கினார்கள். புகைக்கரியில் ஒவ்வொரு துளையும் ஒரு வடிவத்தில் இருக்கும். இவர்களின் தூண்வரிசையில் எல்லா அளவுகளும் முன்கூட்டியே தெரியும். அதனால் உப்பின் விளைவைத் தனியே பிரித்தறிய முடிந்தது. 2024-இல் வெளியான அவர்களின் முடிவு எதிர்பாராத ஒன்று: உப்புச் செறிவு கூடும்போது சுவரின் மின்னூட்டமும் கூடிக்கொள்கிறது. மேகம் சுருங்குவதால் வரும் இழப்பில் ஒரு பங்கை அது ஈடுகட்டுகிறது. தூய நீரில்தான் இவ்விளைவு தோன்றும் என்று எண்ணியிருந்த நிலை மாறி, பரந்த உப்புச் செறிவு வரம்பில் அதை எதிர்பார்க்கலாம் என்றாயிற்று.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது மூன்றாவது வழி. அது உப்போடு சண்டை போடுவதில்லை. கடல்நீர் ஆவியாகும்போது நீர்தான் போகும், உப்பு நின்றுவிடும். ஆகவே ஆவியாகும் பரப்பில் நீர் செறிந்துகொண்டே போகும். கீழே லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர், மேலே அதைப்போல் பத்து மடங்கு செறிந்த நீர். இரண்டுக்கும் நடுவே நேர்மின் அயனியை மட்டும் விடும் சவ்வு ஒன்றை வைத்தால், சோடியம் செறிவான பக்கத்திலிருந்து நீர்த்த பக்கத்துக்குப் போகப் பார்க்கும், குளோரைடு தடைபடும், மின்னழுத்தம் பிறக்கும். பத்து மடங்கு செறிவு வேறுபாட்டுக்கு இயற்பியல் தரும் உச்ச அளவு ஒரு சவ்வுக்கு 59 மில்லிவோல்ட். சிறியதுதான். ஆனால் சவ்வுகளை அடுக்கலாம். உப்புநீர் நன்றாகக் கடத்துவதால் மின்னோட்டமும் தாராளமாக வரும். முன்னே குறையாகத் தெரிந்த கடத்துதிறன் இங்கே நிறையாகிவிடுகிறது. கரிப்படலக் கட்டுரை வந்த அதே 2017-இல் ஜோ ஜுன் குழு இதையும் செய்துகாட்டியது. கார்பன் நானோக்குழாய் பூசிய வடிதாளில் வெயில்கொண்டு உப்புநீரை ஆவியாக்கி, அதில் எழும் செறிவு வேறுபாட்டிலிருந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வாட் எடுத்தார்கள். நீராவியைக் குளிர்வித்து நன்னீராகவும் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரு வாட் என்பது பெரிதா, சிறிதா? இதற்கு விடை சொல்ல, ஆவியாதலிடம் கையிருப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தாக வேண்டும்.

பூமியின் பரப்பு உள்வாங்கும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி, நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. உலகம் முழுவதும் கூட்டினால் 40,000 டெராவாட். மனித குலம் பயன்படுத்தும் ஆற்றல் முழுவதும் சேர்ந்தாலும் 20 டெராவாட் அளவுதான். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, ஆவியாதலால் உலகின் மின்தேவை தீர்ந்துவிடும் என்று எழுதப்படும் கட்டுரைகளை நிறையப் பார்க்கலாம். வாசகரை அப்படி அழைத்துப் போவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

கடல்நீரை ஆவியாக்குவதையே தொழிலாகக் கொண்ட இடம் உப்பளம். தூத்துக்குடி உப்பளப் பாத்தியில் கோடை நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீர் வற்றுவதாகக் கொள்வோம். சதுர மீட்டருக்கு 6 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம் 0.67 யூனிட். ஆக, சதுர மீட்டருக்கு நாள்தோறும் 4 யூனிட். ஓர் ஏக்கருக்கு 16,000 யூனிட். மலைக்கவைக்கும் எண். ஆனால் அது வெப்பம். அதில் வேலையாக, மின்சாரமாக மாற்றக்கூடிய பங்கைக் காற்றின் ஈரப்பதம் முடிவு செய்கிறது. ஈரப்பதம் 70 விழுக்காடு இருக்கும் கடற்கரையில், சுற்றுப்புற வெப்பநிலையில் ஆவியாகும் நீரிலிருந்து, எவ்வளவு குறையற்ற கருவியாலும் 2 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது. இது வெப்ப இயக்கவியல் விதிக்கும் வரம்பு. பொருளை மாற்றுவதாலோ துளையை மாற்றுவதாலோ இதைத் தாண்ட வழியில்லை. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 0.08 யூனிட் என்பது கிடைக்கக்கூடியதன் உச்சம். சராசரியாக மூன்று வாட்டுக்குச் சற்று மேல். அதே சதுர மீட்டரில் வைத்த சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட் தந்துவிடும்.

மின்சாரம் என்று மட்டும் பார்த்தால், வெயில் உள்ள இடத்தில் ஆவியாதல் சூரியத் தகட்டோடு போட்டி போட முடியாது. இந்த ஒப்பீட்டை முன்பே செய்துகொண்டால் பிறகு ஏமாற்றம் இல்லை. வறண்ட காற்றில் வரம்பு சற்று உயரும். ஈரப்பதம் 50 விழுக்காடானால் பங்கு நான்கு விழுக்காடாகும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஓஸ்குர் சாஹின் இதே ஆவியாதலை வேறு விதமாகப் பிடித்தார். ஈரம் பட்டால் விரிந்து, உலர்ந்தால் சுருங்கும் பாக்டீரிய வித்துகளைப் பட்டைகளில் பூசி, நீர்ப்பரப்பின் மேல் தானே இயங்கும் எந்திரத்தை 2015-இல் செய்துகாட்டினார். பேரேரிகளை விட்டுவிட்டு அமெரிக்காவின் மற்ற ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் கணக்கிட்டால், கொள்கையளவில் 325 ஜிகாவாட் வரை எடுக்கலாம் என்றும், அப்படி எடுத்தால் நீர் ஆவியாகி வீணாவதும் பாதியளவு குறையும் என்றும் 2017-இல் அவர் குழு எழுதியது. ஏரிநீருக்கு அந்த இரண்டாவது பயன் பெரிது. கடலுக்கு அது பொருட்டே இல்லை.

கடல்நீரில் இன்னும் ஒரு வரம்பு மறைந்திருக்கிறது. கடல்நீர் தூய நீரைவிடச் சற்றே மெதுவாக ஆவியாகும். வேறுபாடு 2 விழுக்காடுதான். ஆனால் உப்பு முழுமையாகக் கரைந்து நிறைந்த நீர், காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டதும் ஆவியாவதையே நிறுத்திக்கொள்ளும். அதற்கு மேல் ஈரம் ஏறினால் காற்றிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கும். மூட்டமான நாளில் உப்பளத்தில் விளைச்சல் நின்றுபோவது இதனால்தான். நுண்துளைப் படலத்தின் மேற்பரப்பில் உப்பு செறிந்துவிட்டால் அங்கும் இதே கதை. 70 விழுக்காடு ஈரப்பதத்தில், செறிந்த உப்புநீரிலிருந்து எடுக்கக்கூடிய வேலை, தூய நீருக்குரியதில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும் இந்தக் குணத்தையே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் ஸ்வீ சிங் குழு பயன்படுத்திக்கொண்டது. மெல்லிய துணியில் கார்பன் மையைப் பூசி, ஒரு பகுதியில் மட்டும் கடலுப்பு கலந்த கூழ்மத்தை இட்டார்கள். அந்தப் பகுதி காற்றின் ஈரத்தைக் குடித்து ஈரமாகவே இருக்க, மற்றது உலர்ந்தே இருக்க, இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் நாள்கணக்கில் நிற்கிறது.

உப்பு படிகமாகி அடைத்துக்கொள்ளும் சிக்கல்தான் கடல்நீர்க் கருவிகளை ஆய்வகத்தைவிட்டு வெளியே வராமல் தடுத்துவைத்திருக்கிறது. நாளொன்றுக்கு 6 லிட்டர் கடல்நீரை ஆவியாக்கும் ஒரு சதுர மீட்டர் படலம் 210 கிராம் உப்பை எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். அதுவும் ஒரே உப்பு இல்லை. உப்பளத்தில் நீர் செறியச் செறிய முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், அதன் பின்னரே சமையலுப்பு, கடைசியில் மக்னீசிய உப்புகள் கசப்பு நீராக மிஞ்சும். இதற்காகத்தான் உப்பளத்தில் நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்த்து மாற்றுகிறார்கள். நுண்துளைக்குள் அந்த வசதி இல்லை. எல்லாம் ஒரே இடத்தில் படியும். சமையலுப்பு படிந்தால் இரவில் கடல்நீரே கரைத்துக்கொண்டு போய்விடலாம். ஜிப்சமும் சுண்ணாம்பும் அவ்வளவு எளிதில் கரையமாட்டா. பல ஆய்வுகள் கடல்நீர் என்று சொல்லிக்கொண்டு வெறும் சோடியம் குளோரைடு கரைசலில் செய்யப்படுகின்றன. அவற்றில் இந்தச் சிக்கல் தலைகாட்டுவதே இல்லை.

உப்பு தானாகக் கீழே திரும்ப முடியுமா என்பது படலத்தின் வடிவத்தைப் பொறுத்தது. மேல்முகம் மட்டும் ஆவியாகும் தடித்த கட்டையில் நீர் ஏறும் வேகமும் நாளுக்கு 6 மில்லிமீட்டர்தான். உப்பு நீருக்குள் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தடிமன் வரை உப்பு எதிர்நீச்சல் போட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஆனால் ஹைட்ரோவோல்டாயிக் கருவிகளில் பெரும்பாலானவை செங்குத்தாக நிற்கும் மெல்லிய படலங்கள். இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆவியாகும் நீர் முழுவதும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அடிப்பகுதி வழியாக நுழைந்தாக வேண்டும். அங்கே வேகம் 200 மடங்கு. உப்பு திரும்ப வழியே இல்லை. மின்னழுத்தத்துக்கு ஏற்ற வடிவமும் உப்பை வெளியேற்ற ஏற்ற வடிவமும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக அமைந்துவிட்டன. இத்துறையில் இன்று செய்ய வேண்டிய பொறியியல் வேலை இந்த முரணை அவிழ்ப்பதுதான் என்பது என் கருத்து.

கடல்நீரைக் குடிநீராக்கும் வெயில் ஆவியாக்கிகளைச் செய்பவர்கள் இங்கே ஓரடி முன்னால் இருக்கிறார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஹு லியாங்பிங் குழு, மரக்கட்டையின் இயற்கையான நுண்குழல்களோடு அகலமான துளைகளையும் வரிசையாக இட்டது. நுண்குழலில் செறியும் உப்பு பக்கவாட்டில் அகன்ற துளைக்கு நகர்ந்து, அதன் வழியே கடலுக்கு இறங்குகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 2019-இல் செய்த கருவியில், வட்டத் தகட்டின் நடுவே ஒரு நூல் நீரை ஏற்றுகிறது. நீர் விளிம்பை நோக்கிப் பரவிக்கொண்டே ஆவியாகிறது. உப்பு விளிம்பில் மட்டும் படிகமாகித் தன் எடையாலேயே உதிர்கிறது. இந்த வட்டத்தகட்டில் மின்முனைகளை எங்கே வைப்பது என்று யோசித்துப் பார்க்கும் ஆசை எனக்கு உண்டு. நடுவில் கடல்நீர், விளிம்பில் செறிந்த நீர். இடையில் அயனியைப் பிரித்தறியும் துளைகள்.

மரங்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டன. கடல்நீரை உறிஞ்சி இலைவழியே ஆவியாக்கும் அலையாத்திக் காடுகளில், சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே வந்ததை இலைச் சுரப்பிகளால் வெளியே தள்ளுகிறது. கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டலம். அதை வென்று நீரை இழுக்க, மரத்தின் சாறு 30 வளிமண்டலத்துக்கும் மேலான இழுவிசையில் இருப்பதை உடலியலாளர் ஸ்கோலாண்டர் 1965-இல் அளந்து எழுதினார். யேல் பல்கலைக்கழகத்தில் மெனாஹெம் எலிமெலெக் குழு 2020-இல் இந்த அமைப்பைச் செயற்கையாகக் கட்டியது: வேராக உப்பை வடிக்கும் சவ்வு, இலையாக நானோத்துளைச் சவ்வு. இலைப்பக்கம் ஆவியாக, வேர்ப்பக்கம் உப்பு வடிந்தது. இதில் மேலேறுவது நன்னீர் என்பதைக் கவனியுங்கள். நன்னீர் ஏறும் தண்டில் 2017-இன் கரிப்படலத்தை வைத்தால் உப்பு அதைத் தொடாது. ஆனால் உப்பைப் பிரிப்பதற்கே இழுவிசையில் பெரும்பங்கு செலவாகிவிடும். மின்சாரத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இத்துறையின் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மின்னழுத்தத்தைப் பார்த்தவுடன் மின்முனை எதனால் ஆனது என்று பாருங்கள். கடல்நீரில் அலுமினியத்தையும் கார்பனையும் நிறுத்தினாலே மின்சாரம் வரும். அது மின்கலம், அலுமினியம் அரித்துத் தீரும்வரை ஓடும். நடுவே ஒரு நுண்துளைப் படலத்தை வைத்து, நீர் ஏறியதால் வந்தது என்று எழுதிவிடலாம். ஆவியாதல் அங்கே படலத்தை ஈரமாக வைத்திருப்பதைத் தவிர எதுவும் செய்திருக்காது. குவோ வான்லின் குழு 2012-இலேயே இதைச் சுட்டிக்காட்டியது. கிராபீன் மேல் நீரை ஓட்டி மின்சாரம் எடுத்ததாக வந்த ஒரு முடிவை அவர்கள் மறுபடி செய்து பார்த்தார்கள். உலோக மின்முனைகள் கரைசலைத் தொட்டதால்தான் அந்த மின்னழுத்தம் வந்தது, கிராபீன் வெறும் மின்தடையாகவே இருந்தது என்று காட்டினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த கரிப்படலக் கருவியில் மின்முனையும் கார்பனாகவே இருந்தது.

இன்னொன்று மின்திறன். சுற்றைத் திறந்துவைத்து அளந்த மின்னழுத்தத்தையும், குறுக்கே இணைத்து அளந்த மின்னோட்டத்தையும் பெருக்கி மின்திறன் என்று எழுதுவது தவறு. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. பொருத்தமான சுமையை இணைத்தால் அந்தப் பெருக்கலில் கால்பங்கே பொதுவாக வரும். ஒரு வோல்ட்டும் ஒரு மைக்ரோ ஆம்பியரும் தரும் கருவியின் உண்மையான திறன் 0.25 மைக்ரோவாட். சாதாரண எல்.இ.டி. விளக்கு ஒன்றுக்கு 50 மில்லிவாட் வேண்டும். அப்படிப்பட்ட கருவிகள் இரண்டு லட்சத்தை இணைத்தால்தான் அது தொடர்ந்து எரியும். ஒளிப்படத்தில் விளக்கு எரிகிறது என்றால், பெரும்பாலும் ஒரு மின்தேக்கியில் நெடுநேரம் சேர்த்துவைத்து ஒரு கணம் எரியவிட்டிருப்பார்கள்.

இவ்வளவு வரம்புகளுக்குப் பிறகும் இந்தத் துறையில் எனக்கு அக்கறை குறையவில்லை. சூரியத் தகடு இரவில் தராது; ஆவியாதல் இரவிலும் நிற்பதில்லை, ஈரம் நிறையாத காற்று இருந்தால் போதும். கழிமுகத்திலோ நடுக்கடல் மிதவையிலோ நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்பும் உணரிகளுக்கு மிகச் சிறிய மின்திறனே போதும். சில மைக்ரோவாட்டை ஆண்டுக்கணக்கில், மின்கலம் மாற்றாமல், கைவைக்காமல் தரக்கூடிய மூலத்துக்கு அங்கே இடம் உண்டு.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் கழிவுநீர் மற்றோர் இடம். சென்னைக்கு நீர் தரும் நெம்மேலி ஆலைகள் எடுக்கும் கடல்நீரில் ஒரு பங்கு குடிநீராகிறது, மீதி ஏறத்தாழ இருமடங்கு செறிந்த உப்புநீராகக் கடலுக்கே போகிறது. கரையோர மீன்வளத்துக்கு அது நல்லதில்லை. அந்த உப்புநீரைப் பெரும்பரப்பில் ஆவியாக்கி உப்பாகவே எடுத்துவிட முடிந்தால், பக்க விளைவாக வரும் சிறு மின்சாரம் உணரிகளுக்கும் வால்வுகளுக்கும் உதவும். அங்கே ஆவியாக்கியின் மதிப்பு முதலில் எடுத்த உப்பிலும் காத்த கடலிலும் இருக்கும். மின்சாரம் அதற்கு அடுத்ததுதான்.

அங்கே போய்ச் சேர இன்னும் செய்ய வேண்டிய சோதனை எது என்பது தெளிவாகவே இருக்கிறது. வடிகட்டாத, பாசியும் ஜிப்சமும் உள்ள மெய்யான கடல்நீர் வேண்டும். கார்பன் போன்ற அரிக்காத மின்முனை வேண்டும். சுமையை இணைத்து அளந்த மின்திறன், சதுர மீட்டர் கணக்கில் வேண்டும். ஈரப்பதமும் காற்றின் வேகமும் அதே தாளில் பதிவாக வேண்டும். மழைக்காலமும் உட்பட ஓராண்டு முழுவதும் அந்தக் கருவி கரையில் நிற்க வேண்டும்.